தோலும் தொழிலும் – 17
நாலரை மில்லிமீட்டர் முனை

திருவிழாக் கடையில் பலூன் சுடும் ஏர் கன்னுக்குப் போடும் ஈய ரவையின் விட்டம் பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தயாராகும் பாதுகாப்பு ஷூவின் அடிப்பாகத்தைக் குத்திப் பார்க்கும் ஆணியின் விட்டமும் அதே 4.5 மில்லிமீட்டர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பொருளில் எப்படி ஓட்டை விழுகிறது என்பது நன்றாகப் புரியும்.

ஏர் கன்னுக்கும் நம் ஊர்த் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. பழைய ஸ்பிரிங் வகைத் துப்பாக்கிகளில் காற்றை அழுத்தித் தள்ளும் பிஸ்டனின் தலையில் இருப்பது தோல் வாசர். சைக்கிள் பம்பில் இருக்கும் அதே கிண்ண வடிவத் தோல். ஆவாரம் பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட விறைப்பான தோல்தான் அதற்குச் சரிப்படும். எண்ணெய் வற்றி வாசர் காய்ந்தால் காற்று கசியும், ரவையின் வேகம் இறங்கிவிடும்.

ரவையைச் சோதிப்பவர்கள் இரண்டு விஷயங்களை அளப்பார்கள்: எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு விரிந்தது. சோப்புக் கட்டியிலோ களிமண்ணிலோ சுட்டு, அதை அறுத்து ஆழத்தை அளந்து, ரவையை வெளியே எடுத்து அதன் தலையை வெர்னியரில் பிடித்துப் பார்ப்பார்கள். தட்டைத் தலை ரவை காகிதத்தை வட்டமாக வெட்டி எடுக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியிலும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் கலந்துகொண்ட அதே போட்டியிலும் பயன்படுவது இந்தத் தட்டைத் தலைதான். கூர்முனை ரவை இழைகளை விலக்கிக்கொண்டு ஆழமாக இறங்கும். குழிமுனை ரவை மெத்தென்ற பொருளுக்குள் நுழைந்ததும் தலை மலர்ந்து அகலும். அகல அகல ஆழம் குறையும். வேகம் போதாவிட்டால் மலராமலே நின்றுவிடும்.

போட்டி ரவையின் எடை அரை கிராம் சொச்சம். வேகம் நொடிக்குச் சுமார் 170 மீட்டர். கணக்குப் போட்டால் ஆற்றல் ஏழரை ஜூல்தான் வரும். ஒருவர் கண்ணைப் பறிக்க அதுவே போதும். நம் ஆயுத விதிகள் 20 ஜூல் ஆற்றலையும் 4.5 மி.மீ. குழலையும் எல்லையாக வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும்.

இப்போது ஷூவுக்கு வருவோம். பாதுகாப்பு ஷூவின் முன்பக்கத்தில் இருக்கும் டோ கேப் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள ஆப்பு வடிவ இரும்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. ஏர் கன் எல்லையைப் போலப் பத்து மடங்கு. ஆனால் அந்த அடி இரும்புத் தொப்பி முழுவதும் பரவிவிடுவதால் விரல்கள் தப்பிக்கின்றன.

ஆணிச் சோதனையில் அடி எதுவும் கிடையாது. ஷூவின் அடிப்பாகமான சோலைப் பிடிப்பானில் இறுக்கி, ஆணியை நிமிடத்துக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல இறக்குவார்கள். அந்த ஆணியின் நுனி ஒரே மில்லிமீட்டர் அகலத்தில் மழுங்க வெட்டப்பட்டிருக்கும். 1,100 நியூட்டன் அழுத்தம் வரும்வரை, அதாவது நன்கு பருத்த ஓர் ஆளின் முழு எடைக்கும் மேலே, அது மறுபக்கம் வந்துவிடக் கூடாது. எஃகுத் தகடு போட்ட சோல் இதைத் தாங்கும். துணி அடுக்கு வைத்த சோல்களுக்கு 2022ஆம் ஆண்டு சர்வதேசத் தரநிலை 3 மில்லிமீட்டர் ஆணியையும் சேர்த்துக்கொண்டது. தடித்த ஆணி நுழைய முடியாத நெசவில் மெல்லிய ஆணி நுழைந்துவிடும் என்பதே காரணம்.

தோலின் விரிவைச் சோதிக்க லாஸ்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. ஷூவின் மேல்பாகத்துக்கான அப்பர் தோலை வட்டமாக வெட்டி, அதன் விளிம்பை இறுக்கி, சதைப் பக்கத்திலிருந்து 6.25 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை மேலே தள்ளுவார்கள். தோல் குடைபோல் விரிந்து எழும்பும். கண் முழுக்க, கிரெய்ன் எனும் தோலின் மேற்பரப்பின் மேல்தான் இருக்க வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்த அந்தக் கணத்தில் உயரத்தைக் குறித்துக்கொள்வார்கள். 7 மில்லிமீட்டருக்கு முன்பே வெடித்த தோல், லாஸ்ட் எனும் கால் அச்சில் இழுத்து ஏற்றும்போது மூக்குப் பகுதியில் வெடிக்கும்.

ரவை, ஆணி, குண்டு மூன்றும் சொல்வது ஒன்றுதான்: ஓட்டையை முடிவுசெய்வது பலம் மட்டுமல்ல, அந்தப் பலம் எவ்வளவு சிறிய இடத்தில் இறங்குகிறது என்பதும்தான். கட்டட வேலையில் தலையில் விழும் கல்லுக்கும், காலில் விழும் கம்பிக்கும் பயப்படுகிறோம். சென்ட்ரிங் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியை மறந்துவிடுகிறோம். டோ கேப் இருந்தாலே பாதுகாப்பு ஷூ என்ற நினைப்பு தவறு. அடியில் தகடு இல்லாத ஷூவும் அதே பெயரில், அதே தோற்றத்தில் விற்கிறது.

ஆகவே தொழிலாளர்களுக்கு ஷூ வாங்கித் தரும் மேஸ்திரிகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐ.எஸ். 15298 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ‘பி’ என்ற எழுத்தையோ ‘எஸ்3’ என்ற குறியையோ தேடுங்கள். ஆணி துளைக்காத சோல் என்பதற்கு அதுதான் அடையாளம். அது இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஜோடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)