துப்பாக்கிக்கு ஏற்ற இரும்புப் பெட்டி

சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் பலர் ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போவதால், வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் அதைப் பரணிலோ துணி பீரோவிலோ வைப்பது சரியல்ல. பீரோத் தகட்டைக் கடப்பாரையால் நெம்பிவிடலாம்.

துப்பாக்கியை அளந்து, அது நிமிர்ந்து நிற்கும் உயரத்தில், கனத்த தகட்டில், கீல் உட்புறம் அமைந்த பெட்டியாக வாங்க வேண்டும். எவ்வளவு கனமான பெட்டியானாலும் நாலு பேர் தூக்கிப் போய்விடுவார்கள். ஆகவே உள்ளிருந்து போல்ட் போட்டு இறுக்குவது அவசியம். மண்சுவர் போல்ட்டைத் தாங்காது. கான்கிரீட் தரையில் பிணைக்கலாம்.

மருந்து கெட்டித்த துப்பாக்கியை உள்ளே வைக்கவே கூடாது. வெடிமருந்தையும் அதில் அடைத்தால், வீடு தீப்பிடிக்கும்போது பெட்டியே வெடிக்கக்கூடும். மருந்துக்குத் தனி மரப்பெட்டி, தனிப் பூட்டு. சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. துப்பாக்கி களவு போனால் உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.