மீன் இருக்கும் இடம் கைப்பேசிக்கு எப்படி வருகிறது?

மீன் எங்கே கிடைக்கும் என்ற தகவல் வருவது கடலே இல்லாத ஐதராபாத்திலிருந்து. இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்கோயிஸ், அங்கேதான் இருக்கிறது. கடல்பரப்பின் வெப்பத்தையும் நீரில் உள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் அளக்கும். பச்சையம் கூடிய இடத்தில் நுண்பாசி மண்டியிருக்கும். இரை இருக்கும் இடத்துக்குச் சாளையும் அயிலையும் வந்து சேரும். எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று தமிழிலேயே அறிவிப்பு வருகிறது. மீட்டர் என்றால் பெரியவர்களுக்குப் பிடிபடாது. அவர்களுக்கு ஆழம் என்றால் பாகக் கணக்குதான். ஒரு பாகம் சுமார் ஆறடி.

மேகம் மூடிய நாளில் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் இந்த அறிவிப்பு கிடையாது.

திறன்பேசி வருவதற்கு முன்பே கடல் தகவலை மீனவரிடம் சேர்க்க வழி கண்ட ஊர் புதுச்சேரி வீராம்பட்டினம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அந்த வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, கரையில் ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கணினியைத் தொடாதவருக்கும் சேதி காதில் விழுந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பக்கத்து ஊரான நல்லவாட்டைக் காப்பாற்றியதும் அப்படியொரு ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அறிவித்து ஊரையே வெளியேற்றிவிட்டார்கள். இன்று அதே நிறுவனத்தின் ‘மீனவர் நண்பன்’ செயலியில் மீன், அலை, காற்றுத் தகவல்களோடு சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கையும் வருகிறது.

ஆனால் கடலறிவு எல்லாமே பொதுவில் பகிரக்கூடியதல்ல. கடலடிப் பாறைத் திட்டான ‘பார்’ எங்கே இருக்கிறது என்பதைக் கோயில் கோபுரத்தையும் மலையையும் அடையாளமாக வைத்து மீனவர்கள் தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். அந்த ஜிபிஎஸ் புள்ளியை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மறுநாளே விசைப்படகுகள் அங்கே நிற்கும். அதைச் சொல்லாமல் வைத்திருப்பதைக் கஞ்சத்தனம் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் ஒருவகை மீன்வளப் பாதுகாப்புதான். அலையும் காற்றும் அப்படியல்ல, எல்லோருக்கும் தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை.

உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால், அலை, காற்று எச்சரிக்கையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மீன் இருக்கும் இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.