புதுமை எங்கே பிறக்கிறது?

கைத்தொழிலில் புதுமை செய்வோர் அத்திறமையுடனேயே பிறந்தவர்கள் என்றும், ஏனையோர் காட்டிய வழியே செல்லத்தக்கவர்கள் என்றும் கருதுவோர் பலர். நமது சங்கங்களின் நிர்வாக சபையினரிலும் இவ்வெண்ணம் உடையோர் உளர். "புதிய கரையும் முந்தியும் போட எல்லாராலும் ஆகுமா?" என்று அவர்கள் வினவுவதுண்டு. இவ்வினாவிற்கு விடையைத் தத்துவ நூல்களிலே தேட வேண்டுவதில்லை. தறியும் வயலுமே அதற்கு விடை கூறும்.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். பூவேலைச் சேலை நெய்யும் தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை வீதம் துளையிட்ட அட்டைகள் அதிலே கோக்கப்பட்டிருக்கும். எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும், எது எழும்பலாகாது என்பதைத் துளைகளே தீர்மானிக்கின்றன. பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804இல் ஜக்கார்டு என்பவர் இதனை அமைத்தார் என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வரலாறு அவ்வளவு சுருக்கமானதன்று. அதே நகரத்துப் பூஷோன் 1725இல் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியிலே பயன்படுத்தினார். சில ஆண்டுகளுக்குள் ஃபால்கோன் என்பவர் சுருளை நீக்கி அட்டைகளைக் கோத்தார். 1745ஆம் ஆண்டளவில் வோக்கான்சன் தானே இயங்கும் தறியொன்றைச் செய்தார். அது வழக்கத்திற்கு வரவில்லை. பாரிஸ் நகரில் வைக்கப்பட்டிருந்த அத்தறியை ஆராய்ந்த பின்னரே, பட்டு நெசவாளர் ஒருவரின் மகனாகிய ஜக்கார்டு தமது பெட்டியைச் செம்மை செய்தார். ஏறக்குறைய 80 ஆண்டுக்காலம் நால்வர் கைகளின் வழியே வளர்ந்த கருத்து அது. முன்னவர் செய்தது பின்னவர் கண்ணுக்கும் கைக்கும் எட்டினாலன்றிப் புதுமை பிறவாது என்பது இதனால் விளங்கும்.

பரிசு அளித்தால் புதுமை வந்துவிடும் என்பாரும் உண்டு. காந்தியடிகளின் விருப்பப்படி அகில இந்திய நூற்போர் சங்கம் 1929இல் ஒரு இலட்ச ரூபாய் பரிசை அறிவித்தது. குடிசையில் வைத்து இயக்கத்தக்கதாய், எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் தருவதாய், 150 ரூபாய்க்கு மேற்படாத விலையுடையதாய் ஒரு இராட்டை வேண்டும் என்பது நிபந்தனை. அந்நாளில் இது பெருந்தொகையாயினும், நிபந்தனைகளை முற்றும் நிறைவேற்றிப் பரிசு பெற்றார் எவருமிலர். இருபது ஆண்டுகள் கழிந்து, 1949ஆம் ஆண்டளவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன், ஆலைகளில் நூல் நூற்கும் முறையைச் சிறு வடிவில் அமைத்துப் புதிய இராட்டையொன்றைச் செய்தார். அவர் பெயரின் ஒரு பகுதியே 'அம்பர்' சர்க்காவின் பெயராயிற்று. பலரும் அதனைத் திருத்திய பின், 1950களில் அது நாடெங்கும் பரவியது. பரிசு தேவையைச் சுட்டிக் காட்டும். காலக்கெடுவுக்குள் கருத்தை வரவழைக்க அதனால் இயலாது.

வயலின் செய்தியும் இத்தகையதே. மகாராஷ்டிரத்துச் சந்திரபூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ராகடே என்ற சிறு விவசாயி, 1983இல் தமது நெல் வயலில் சில கதிர்கள் மட்டும் வேறுபட்டிருக்கக் கண்டார். அவற்றைத் தனியே எடுத்து வைத்து, பருவந்தோறும் தனியே பயிரிட்டுத் தேர்ந்தெடுத்தார். அதுவே பின்னர் எச்.எம்.டி. என்ற கைக்கடிகாரத்தின் பெயரால் வழங்கிப் பல மாநிலங்களிலும் பரவிய சன்ன ரக நெல். பிற்காலத்தில் விருதுகள் அவரை நாடி வந்தன. எனினும் விதை விற்றோர் அடைந்த ஆதாயம் அதனைக் கண்டறிந்தவருக்குக் கிட்டவில்லை. 2018இல் அவர் வறுமையிலேயே மறைந்தார். அன்றாடம் பார்த்த கண்ணுக்கே வேற்றுமை புலப்பட்டது என்பது இதில் மகிழ்ச்சிக்குரிய பாடம். அவருக்குத் துணையாக ஒரு சங்கம் நிற்கவில்லை என்பது வருந்தத்தக்க பாடம்.

இனி நமது சங்கங்களின் நிலையைப் பார்ப்போம். தணிக்கைக்காக நான் புரட்டும் பேரேடுகளில் நூல் இருப்புக்குப் பத்தி உண்டு; கூலிக்கும் விற்பனைக்கும் தள்ளுபடிக்கும் பத்தி உண்டு. சோதனை நெசவுக்கு மட்டும் பத்தி கிடையாது. பழைய மாதிரியில் ஒரு சேலைக்குப் பத்து நாட்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிய முந்தியை முதன்முறை நெய்யப் பதினைந்து நாட்கள் ஆகுமாயின், மிகுந்த ஐந்து நாட்களின் கூலி யாரைச் சார்ந்தது? சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் நெசவாளர் அந்நட்டத்தைத் தாமே ஏற்கிறார். நெய்த சேலை தேறாமற் போனால் கூலியிலும் பிடித்தம் உண்டு. முன்பணம் வாங்கியவர் எவ்வாறு துணிவார்? அவரிடம் கற்பனை இல்லை என்பது பொருந்தாது. கற்பனைக்குக் கூலி இல்லை என்பதே உண்மை.

ஆதலின் மூன்று காரியங்கள் செய்யத்தக்கவை. முதலாவது, ஒவ்வொரு சங்கமும் இலாபத்தில் ஒரு சிறு பகுதியைச் சோதனை நிதியாக ஒதுக்குவதற்குப் பொதுச் சபையில் தீர்மானிக்கலாம். புதிய மாதிரி நெய்பவருக்கு நாட்கூலி அளித்து, தேறாத சேலையின் நட்டத்தைச் சங்கமே ஏற்க வேண்டும். இரண்டாவது, பழைய சேலைத் துண்டுகளையும் வரைபடங்களையும் அட்டைக் கட்டுகளையும் பாதுகாத்து, அங்கத்தினர் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும். 1956 முதல் தோன்றிய நெசவாளர் சேவை மையங்களின் வடிவமைப்பாளர்களையும் இதற்கு அணுகலாம். மூன்றாவது, புதுமை செய்தவரின் பெயரை ஏட்டிலே பதிந்து, விற்பனையில் அவருக்கு ஒரு பங்கு அளிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்து முதற்கண் பத்து ஆண்டுகளுக்கு உரிமை பெறலாம். 2001ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிகளும் தங்கள் பயிர் இரகங்களைப் பதிவு செய்ய வழி வகுத்துள்ளது. விண்ணப்பம் எழுதுவது தனி நெசவாளருக்கு அரிது. சங்கத்தின் காரியதரிசிக்கு அரிதன்று.

இவற்றால் செலவு மிகும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறலாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளில் நெசவாளரும் இருந்தனர். வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டை அவர்கள் துணிந்து நடத்திக் காட்டியிராவிடில், இன்று நாம் நடத்தும் இயக்கம் இவ்வுருவில் வளர்ந்திராது. உழைப்பவரின் சோதனையிலே வளர்ந்த இயக்கம், உழைப்பவரின் சோதனைக்கு இடந்தராதிருத்தல் முறையாகுமா? வரும் பொதுச் சபைக் கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, ஒரு தறியையும் ஒரு பாத்தியையுமாவது சோதனைக்கென ஒதுக்குவார்களாக.