படத்திற்கு ஓர் எண்

தென்னை மரத்தை அறியாதார் நம் நாட்டில் இலர். ஆயினும் அதன் அறிவியற் பெயர் எதன்மீது நிலைகொண்டுள்ளது என்று வினவினால், விடை சற்று வியப்பைத் தரும். உலர்த்திப் பாதுகாத்த ஓலையோ பாளையோ அப்பெயருக்கு மூலச்சான்றாக வைக்கப்பெறவில்லை. ஒரு பழைய நூலின் முதல் தொகுதியில் 1 முதல் 4 வரை எண்ணிடப்பெற்ற படங்களே அதற்குச் சான்று. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராயிருந்த வான் ரீடு என்பார் தொகுத்து, ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்பதே அந்நூல். 1753-இல் லின்னேயஸ் தென்னைக்குக் 'கோகோஸ் நூசிஃபெரா' என்று பெயரிட்டபோது, இந்தப் படங்களைத் தொகுதி, பக்கம், பட எண் ஆகிய மூன்றாலும் சுட்டினார். அவர் இந்தியாவிற்கு வந்தவர் அல்லர். நம் நாட்டுச் செடிகள் பலவற்றை இத்தகைய படங்களின் வாயிலாகவே அவர் அறிந்தார். பிற்காலத் தாவரவியலார் தென்னைக்கு மூலச்சான்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, அவர் சுட்டிய அதே படங்களைத் தேர்ந்துகொண்டனர்.

ஒரு படத்தின் அடியில் இடப்படும் எண் எத்துணைப் பெரிய பொறுப்பைச் சுமக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அச்சேறுவதற்கு முன் அவ்வெண் எழுதுவோனுக்கு உரியது. அவன் விரும்பியவாறு மாற்றலாம். அச்சேறிய பின்னர் அது படிப்போர்க்கு உரியதாகிவிடுகின்றது. யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் அதனைச் சுட்டியிருப்பார். நீண்ட அறிக்கைகளில் பட எண்ணால் நேரும் குழப்பங்களுட் பெரும்பாலானவை, இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தி உணராமையால் விளைகின்றன.

ரீடின் நூலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் பட எண் மீண்டும் 1-இல் தொடங்குகின்றது. ஆதலின் '23-ஆம் படம்' என்று மட்டும் குறித்தால் பயனில்லை; எத்தொகுதி என்பதையும் உடன் கூறியாக வேண்டும். தொகுதி எண் ஒன்று பிழைபட்டால் மிளகைத் தேடிச் செல்பவர் வேறொரு கொடியின் முன் போய் நிற்பார். எனினும் ஒரு நற்செயலை அந்நூலார் செய்திருந்தனர். செடியின் பெயரை ரோமன், மலையாளம், அரபு முதலிய எழுத்துக்களில் படத்திலேயே பொறித்தனர். எண் வழிதவறினாலும் பெயர் வழிகாட்டும்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராயிருந்த இராபர்ட் வைட் வேறொரு முறையைக் கைக்கொண்டார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தாவரப் படநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுட் பலவற்றிற்கு மூல ஓவியங்களைத் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். இந்நூலின் சிறப்பு என்னவெனில், முதல் தொகுதியின் முதற்படத்திலிருந்து ஆறாம் தொகுதியின் இறுதிப் படம் வரை எண் தொடர்ந்து ஓடுகின்றது. தொகுதி எதுவாயினும் எண் ஒன்றே போதும். 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டினால், செடிகளின் பெயர்களுக்கு அருகில் வைட்டின் பெயர்ச் சுருக்கமும் ஓர் எண்ணும் மட்டும் நிற்பதைக் காணலாம். அரை வரியும் செல்லாத அச்சுட்டு இன்றும் களப்பணியாளரைச் சரியான படத்திற்கு அழைத்துச் செல்கின்றது.

எம்முறை நன்று என்று கேட்கலாம். ஒருவரே எழுதும் அறிக்கைக்கும், நூறு பக்கத்திற்கு உட்பட்ட கையேட்டிற்கும் தொடர் எண்ணே எளிது. இயல்கள் பல, ஒவ்வோர் இயலையும் ஒவ்வொருவர் எழுதுகின்றனர், இயல்கள் வெவ்வேறு காலத்தில் முடிவடைகின்றன என்றால் 3.1, 3.2 என இயல் எண்ணை முன்னிட்டு எண்ணுவதே தக்கது. அவ்வாறு செய்தால், மூன்றாம் இயலில் புதிய படம் ஒன்று புகுந்தாலும் ஏழாம் இயலின் எண்கள் அசையமாட்டா.

இனி, எழுதும் காலத்து நேரும் இடரை நோக்குவோம். ஒரு வட்டாரத்தின் பயிர்நோய் அறிக்கையில் 40 படங்கள் உள்ளன எனக் கொள்வோம். குலைநோயின் இலைப்புள்ளியைக் காட்டுவது 14-ஆம் படம். இலைக்கருகலைக் காட்டுவது 15-ஆம் படம். அச்சுக்குச் செல்லும் முன்னாள் மேலதிகாரி ஒருவர், தொடக்கத்தில் வட்டார வரைபடம் ஒன்று சேர்க்கப்பட வேண்டும் என்கிறார். படங்களின் எண்கள் எல்லாம் ஒன்று கூடுகின்றன. உரையில் உள்ள சுட்டுக்களோ சில திருத்தம் பெறுகின்றன, சில விடுபடுகின்றன. 'படம் 15-இல் உள்ளவாறு புள்ளி தோன்றினால் இம்மருந்தைத் தெளிக்கக் கூடாது' என்று இலைக்கருகலைக் கருதி எழுதிய வரி, இப்பொழுது குலைநோயைச் சுட்டி நிற்கின்றது. குலைநோய் பூஞ்சையால் வருவது. இலைக்கருகல் பாக்டீரியாவால் வருவது. ஒன்றிற்குரிய மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. அறிக்கையை நம்பி வயலில் இறங்கும் பணியாளர்க்கு, இது அச்சுப்பிழை என்று அறிய வழியே இல்லை. சொற்பிழையைப் படிப்பவர் கண்டுகொள்வார். எண்பிழை சரியான எண்ணைப் போலவே தோற்றமளிக்கும்.

ஆதலின் எழுதும் காலத்தில் படத்திற்கு எண் இடாது பெயர் இடுதலே முறை. 'குலைநோய்-இலை', 'கருகல்-இலை' என்றாற்போலக் குறும்பெயர் ஒன்றைப் படத்தின் பின்புறத்திலும், உரையில் அதனைச் சுட்டும் இடந்தோறும் எழுதுக. எத்தனை படங்கள் இடையில் புகுந்தாலும் பெயர் மாறாது. எல்லாம் முடிந்த பின்னர் ஒரே அமர்வில் பெயரை எண்ணாக மாற்றிவிடலாம். கையால் எழுதுவோர்க்கு மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாள் போதும்: குறும்பெயர், எண், சுட்டப்படும் பக்கங்கள்.

கணிப்பொறியில் எழுதுவோர்க்கு இவ்வேலையைப் பொறியே செய்து தருகின்றது. டொனால்டு கனூத் 1978-இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலின்மீது, லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் அமைத்த லேட்டெக் முறை இதற்கு நல்ல சான்று. எழுதுவோர் படத்திற்கு ஒரு குறும்பெயரும், சுட்டுமிடத்தில் அதே பெயரும் தந்தாற் போதும். பொறி முதன்முறை படிக்கும்போது எப்பெயர்க்கு எவ்வெண் என்பதைத் துணைக்கோப்பு ஒன்றில் எழுதி வைத்துக்கொள்கின்றது. மறுமுறை படிக்கும்போது அக்கோப்பைப் பார்த்து உரையில் எண்களை நிரப்புகின்றது. ஒரே முறை ஓட்டிவிட்டு, எண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் நிற்கின்றனவே என்று மருளுவோர் பலர். மறுமுறை ஓட்டினால் அவை மறையும். அப்பொழுதும் மறையவில்லையெனில் குறும்பெயரில் எழுத்துப்பிழை உண்டு என்று அறிக. மற்றொரு நுட்பமும் உண்டு. எண்ணைப் பிறப்பிப்பது படத்தின் தலைப்பே ஆகும். ஆதலின் குறும்பெயரைத் தலைப்பிற்குப் பின்னரே இடுதல் வேண்டும். முன்னர் இட்டால், பட எண்ணிற்கு மாறாக அப்பகுதியின் எண் வந்து அமரும். இதுவும் சரியான எண் போலவே தோன்றும் பிழை.

அலுவலகங்களில் வழங்கும் வேர்டு நிரலிலும் இவ்வசதி உண்டு; ஆயினும் தலைப்பில் எண்ணை விசைப்பலகையால் அடித்துவிட்டால் பொறி அதனை அறியாது. தலைப்பு இடும் கட்டளையாலும், சுட்டு இடும் கட்டளையாலுமே எண்ணைப் பெறுதல் வேண்டும். இறுதியில் உரை முழுதையும் தெரிவு செய்து எஃப் 9 விசையை அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்பெறும். அச்சிட்ட அறிக்கைகள் சிலவற்றில், வாக்கியத்தின் நடுவே 'சுட்டின் மூலம் காணப்படவில்லை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு தடித்த எழுத்தில் நிற்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம். சுட்டப்பட்ட படத்தை நீக்கிய பின்னர், சுட்டை நீக்க மறந்ததன் விளைவு அது. பொறியாவது தன் அறியாமையை ஒளியாது கூறிவிடுகின்றதே என்று மகிழ்ந்துகொள்ளலாம்.

தமிழில் எழுதுவோர் கருத வேண்டியவை சில உள. ஆங்கிலத்தில் எண்ணின் பின் உருபு ஒட்டுவதில்லை, தமிழில் ஒட்டும். எண்ணைப் பொறி மாற்றக்கூடும் ஆதலின், 'படம் 7-இல்', 'படம் 7-ஐ' எனச் சிறுகோடிட்டு உருபை முழு உயிரெழுத்தால் தொடங்குக. எவ்வெண் வரினும் அது பொருந்தும். அதனினும் எளிது, வாக்கியத்தின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் 'படம் 7 காண்க' என்று எழுதுதல். 'மேலே உள்ள படம்', 'அடுத்த பக்கத்துப் படம்' என்பன வேண்டா. பக்கம் கட்டுவோர் கையில் மேல் கீழாகும், கீழ் மேலாகும்.

படத்தின் உறுப்புக்களை அ, ஆ, இ என்று குறிப்பது அழகே. எனினும் ஐந்தாறு உறுப்புக்களுக்கு மேற்பட்டால் எண்களைக் கொள்வதே நலம். சிறிய அச்சில் எ, ஏ இரண்டும், ஒ, ஓ இரண்டும் ஒன்றுபோல் மயங்கும். பெரிதாக்கிய படத்திற்குப் 'பத்து மடங்கு' என்று எழுதுவதினும், அளவுக்கோடு ஒன்றைப் படத்திலேயே வரைவது சிறந்தது. அச்சகத்தார் படத்தைச் சுருக்கினால் கோடும் உடன் சுருங்கும். 'பத்து மடங்கு' என்னும் சொல் சுருங்காது.

அச்சான நூல் மறுபதிப்புக்கு வரும்போது, 12-க்கும் 13-க்கும் இடையே புதிய படம் ஒன்று வேண்டியிருக்கலாம். அதற்கு '12அ' என எண்ணிடுக; 13-ஐ 14 ஆக்க வேண்டா. நீக்கவேண்டிய படம் இருப்பின் எண்ணை வேறொன்றிற்குத் தராது, 'இப்பதிப்பில் நீக்கப்பெற்றது' என்று அவ்விடத்தில் ஒரு வரி இடுக. முதற்பதிப்பை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியரும், புதிய பதிப்பைக் கையில் கொண்ட மாணவரும் அப்பொழுதுதான் ஒரே படத்தை நோக்குவர்.