துப்பாக்கிக் குழலை ஏன் வார்ப்பதில்லை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் பழைய இரும்பு 1,500 டிகிரிக்கு மேல் உருகி ஓடுகிறது. அதை அச்சில் ஊற்றினால் வேண்டிய வடிவம் கிடைத்துவிடும். அப்படியிருக்க, திருச்சியில் 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடங்களில் ரைபிள் குழலை ஏன் அப்படி ஊற்றிச் செய்வதில்லை?

தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலின் பின்முனையில் எழும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேல். உருகிய உலோகமோ உறையும்போது சுருங்கும். கடைசியாக உறையும் இடத்தில் பொள்ளல் விழும். கரைந்திருந்த வாயு குமிழியாகத் தங்கும். விரிசல் பிறப்பது அங்கேதான்.

அதனால்தான் குழலுக்கு ஃபோர்ஜிங், அதாவது அடித்து வடிவாக்கும் முறை. இதில் எஃகை உருக்குவதில்லை. ஏறத்தாழ 1,200 டிகிரிக்குக் காய்ச்சிச் சம்மட்டி எந்திரத்தால் அடிக்கிறார்கள். பொள்ளல்கள் மூடிக்கொள்கின்றன, படிகங்கள் நுண்மையாகின்றன, மரத்தின் இழைபோல உலோகத்தின் ஓட்டம் வடிவத்தோடு வளைகிறது. சில குழல்களைக் காய்ச்சாமலே, உள்ளே ஒரு கடினத் தண்டைச் செருகிச் சுற்றிலும் அடிப்பார்கள். குழலின் உட்சுவரில் ஓடும் சுருள்வரிகளும் அதிலேயே பதிந்துவிடும்.

அதற்காக வார்ப்பு என்றாலே மட்டம் என்பது தவறு. அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் மினி-14 ரைபிளின் உடற்பகுதியை மெழுகு வார்ப்பில்தான் செய்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் அறிந்த அதே அடிப்படை முறைதான். நல்ல உலோகக் கலவை, சரியான வெப்பப் பதம், எக்ஸ்ரே சோதனை மூன்றும் இருந்தால் அத்தகைய வார்ப்பை நம்பலாம். அவை இல்லாவிட்டால், அடித்துச் செய்த பாகமும் உடையும்.