துடித்தது யாருடைய இதயம்?

எட்கர் ஆலன் போ எழுதி 1843இல் வெளியான ‘தி டெல் டேல் ஹார்ட்’ சில பக்கங்களே கொண்ட சிறுகதை. முதியவரைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் மறைத்தவன், தனக்குப் பித்து இல்லை என்று நம்மிடம் வாதாடுகிறான். காவலர்கள் எதிரே இருக்க, மறைத்த இதயம் துடிப்பது அவன் காதில் விழுகிறது. தாங்காமல் உண்மையைக் கக்கிவிடுகிறான்.

மீன்சுருட்டியில் பத்தாம் வகுப்பில் இக்கதையைச் சொல்லி, “துடித்தது யாருடைய இதயம்?” என்றேன். “தாத்தாவோடது” என்று ஒரே குரல். சொல்பவன் சொன்னால் உண்மை! கைப்பேசியில் வரும் செய்திகளையும் பிள்ளைகள் இப்படித்தான் நம்புகிறார்கள். விட்டுவிட மனம் வரவில்லை.

மறுநாள் ஒரு பாட்டைக் கொண்டுபோனேன். ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட் என்ற பிரிட்டிஷ் குழு போவின் படைப்புகளைக் கொண்டே 1976இல் ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டது. வகை, ப்ராக்ரசிவ் ராக்: ஒரே பாட்டுக்குள் வேகமும் மனநிலையும் மாறிக்கொண்டே இருக்கும். (இதயத் துடிப்போடு தொடங்கும் பிங்க் ஃபிளாய்டின் 1973 இசைத்தட்டுக்கும் பார்சன்ஸ்தான் ஒலிப்பதிவுப் பொறியாளர்.) இக்கதையைப் பாடுபவர் ஆர்தர் பிரவுன், அலறுகிறார் என்பதே சரி. நடுவில் இசை தணிந்து, மறுபடி பிடித்துக்கொள்கிறது.

சொற்கள் அவ்வளவாகப் புரியவில்லை. புரிய வேண்டியதுமில்லை. “இவன் குரலே சரியில்லையே சார்” என்றாள் ஒரு மாணவி. அந்த ஐயத்தோடு கதையைத் திரும்பப் படித்தோம். காவலர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தைக் காட்டி, “இவங்களுக்குக் கேக்கலையே, அது அவனோட இதயம்தான்” என்றார்கள் சிலர். “தாத்தா உயிரோட இருந்தப்பவும் இதே சத்தத்தைக் கேட்டானே” என்று கடைசி பெஞ்சிலிருந்து மறுப்பு வந்தது.