சாயம் நிலைப்பது எதனால்?



வெள்ளைச் சீருடையில் சாம்பார் சிந்திவிட்டால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் மஞ்சள் கறை. சோப்புப் போட்டதும் அது சட்டென்று சிவந்து நம்மைப் பயமுறுத்தும். நன்றாக அலசினால் மறுபடியும் மஞ்சளாகும். சில நாள் வெயிலில் காயப் போட்டால் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் சோப்பிலுள்ள காரத்தால் சிவக்கிறது. வெயில் பட்டால் சிதைந்துபோகிறது.

இப்போது இன்னொரு காட்சியைப் பாருங்கள். லண்டன் மாநகரிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், நமது சோழமண்டலக் கடற்கரையில் 18-ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டப்பட்ட பருத்தித் துணிகள் பல வைக்கப்பட்டிருக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றிலுள்ள பூக்கள் சிவப்பாகவே இருக்கின்றன. அந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர். இம்பூரல் என்றும் அதற்குப் பெயர் உண்டு. மஞ்சளும் மண்ணுக்கடியில் விளைவது, சாயவேரும் மண்ணுக்கடியில் விளைவது. ஒன்று ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மற்றொன்று தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. இது எதனால்? துணிக்குச் சாயமேற்றிப் பார்க்க விரும்பும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மூன்றாவது கை

பட்டும் கம்பளியும் சாயத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல. பெரும்பாலான தாவரச் சாயங்கள் பருத்தி நூலின்மேல் சற்று நேரம் தங்கிவிட்டு, தண்ணீரைக் கண்டதும் புறப்பட்டுவிடும். நூலையும் சாயத்தையும் பிணைத்து வைக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும். விஞ்ஞானப் பாடநூல்கள் அதை நிறமூன்றி என்று அழைக்கின்றன. படிகாரமும் இரும்பின் உப்புகளும் நிறமூன்றிகளே.

பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் சேர்த்து வைக்கும் தரகரைப் போன்றது நிறமூன்றி எனலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தரகர் கல்யாணம் முடிந்ததும் போய்விடுவார். படிகாரமோ கடைசிவரை கூடவே இருக்கும்! அதிலுள்ள அலுமினியம் ஒரு புறம் நூலையும் மறு புறம் சாயத்தையும் பற்றிக்கொள்கிறது. பருத்தியோடு படிகாரம் நன்றாகச் சேர்வதற்குக் கடுக்காயின் துவர்ப்புப் பொருள் துணை செய்கிறது. ஆகவே பருத்திக்குக் கடுக்காய் முதலில், படிகாரம் அடுத்து, சாயம் கடைசியில். பார்ப்பவர் கண்ணில் படுவது சாயம் மட்டுமே. ஆனால் வேலையின் பெரும்பகுதி சாயத்திற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இது மிகப் பழைய அறிவு. மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரம் ஒன்றோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணித் துணுக்கில் மஞ்சிட்டி இனச் சாயம் ஏறியிருந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். கி.பி. 79-இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, எகிப்தியரின் அதிசயமொன்றை எழுதி வைத்திருக்கிறார். வெண்துணியில் கண்ணுக்குத் தெரியாத மருந்துகளைப் பூசி, ஒரே சாயக் கொப்பரையில் முக்கி எடுப்பார்களாம். துணி பல நிறங்களோடு வெளிவருமாம். மாயவித்தை போலத் தோன்றினாலும் இது நிறமூன்றியின் வேலைதான். இதை நாமே செய்து பார்க்கலாம்.

நான்கு துண்டுகள், ஒரு சட்டி

இச்சோதனைக்கு நூறு கிராம் எடையுள்ள சுத்தமான பருத்தித் துணி போதும். பாலியெஸ்டர் கலந்த துணியில் இந்தச் சாயம் சரியாக ஏறாது. சந்தேகமிருந்தால், பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதத்தைப் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கடுக்காய்த் தூள் 20 கிராம், படிகாரம் 20 கிராம், மஞ்சிட்டித் தூள் 100 கிராம். மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மஞ்சிட்டியில் சாயவேரின் நிறத்தை ஒத்த சிவப்பு இருக்கிறது. இரும்பு நீரை மட்டும் இரண்டு வாரம் முன்னதாகவே தயாரிக்க வேண்டும். துருப்பிடித்த ஆணிகளையும் ஒரு துண்டு பனைவெல்லத்தையும் மண்சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, காற்றுப் புகும்படி லேசாக மூடி வையுங்கள். நாற்றத்திற்கு அஞ்ச வேண்டாம். புளிப்பதுதான் அதன் வேலை. சமையலுக்கு ஆகும் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது.

முதலில் துணியைச் சலவைச் சோடா கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக அலசுங்கள். பிறகு அதை நான்கு துண்டுகளாக்கி, ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என வெட்டு அடையாளம் இடுங்கள்.

முதல் துண்டை அப்படியே வைத்துவிடலாம். மற்ற மூன்றையும் கடுக்காய் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். இரண்டாம் துண்டுக்கு அதுவே போதும். மூன்றாம் துண்டைப் படிகாரம் கரைத்த வெந்நீரில் போட்டு இன்னோர் இரவு ஊறவிடுங்கள். நான்காம் துண்டை, நீர் சேர்த்து நெகிழ்த்திய இரும்பு நீரில் சில நிமிடம் மட்டும் முக்குங்கள். வெளிர் மஞ்சளாக இருந்த துணி நம் கண்ணெதிரிலேயே கறுக்கும். முற்காலத்தில் எழுதுவதற்கு மை தயாரித்ததும் இதே முறையில்தான்: துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. எல்லாத் துண்டுகளும் உலர்ந்தபின் தனித்தனியே நன்றாக அலசிவிட வேண்டும்.

முந்தின இரவே ஊறவைத்த மஞ்சிட்டியை அடுப்பில் ஏற்றி, நான்கு துண்டுகளையும் ஒன்றாகப் போட்டு, கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். கொதித்தால் வேரிலுள்ள பழுப்பும் இறங்கிச் சிவப்பை மங்கச் செய்யும். சட்டியிலேயே ஆறவிட்டு, எடுத்துச் சோப்புப் போட்டு அலசுங்கள்.

முதல் துண்டின் இளஞ்சிவப்பு பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். இரண்டாவது மங்கிய பழுப்பாக இருக்கும். மூன்றாவது நல்ல சிவப்பு. நான்காவது கருஞ்சிவப்போ கருநீலச் சாயலோ கொண்ட கறுப்பு. ஒரே சட்டி, ஒரே சாயம், ஒரே துணி. வித்தியாசமெல்லாம் முன்தயாரிப்பில்தான்!

எழுதுகோலால் தீட்டுதல்

இந்த உண்மையை ஓவியமாக்கியவர்கள் கலம்காரிக் கலைஞர்கள். ஆந்திர மாநிலத்தின் ஸ்ரீகாளஹஸ்தியில் இக்கலை இன்றும் நடைபெறுகிறது. பாரசீக மொழியில் கலம் என்றால் எழுதுகோல். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்தச் சுற்று மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்தினால் நுனியில் இறங்கும்.

கடுக்காயோடு எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை நனைப்பது அவர்கள் வழக்கம். பாலின் கொழுப்பு மையைப் பரவ விடாது. கோடுகளுக்கு இரும்பு நீர். சிவக்க வேண்டிய இடங்களில் படிகார நீர். படிகாரம் பூசிய இடம் கண்ணுக்குத் தெரியாதே, என்ன செய்வது? பழைய கைவினைஞர்கள் பதிமுகக் கட்டையின் சாற்றைச் சிறிது கலந்துகொண்டார்கள். அந்த நிறம் பிறகு போய்விடும். இடத்தைக் காட்டுவதே அதன் வேலை. பூசியது உலர்ந்ததும் மிகுதிப் படிகாரம் போகும்படி ஓடும் நீரில் அலசி, வேர்ச் சாயத்தில் காய்ச்சுவார்கள்.

அப்போது வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் சற்றுச் சிவந்துவிடும். அதற்கும் வழி கண்டார்கள். சாணம் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். படிகாரம் இல்லாத இடத்துச் சாயத்தை வெயில் எடுத்துவிட்டது. படிகாரம் பற்றிய சாயத்தை அதனால் எடுக்க முடியவில்லை. நம் சீருடையின் மஞ்சள் கறையைப் போக்கும் அதே வெயில்தான்!

நீலம் மட்டும் தனிப்பிறவி. அவுரிச் செடியிலிருந்து கிடைக்கும் நீலம் தண்ணீரில் கரையாது. நொதிக்க வைத்த தொட்டியில் பிராணவாயு நீங்கிய நிலையில்தான் கரையும். அதில் முக்கிய துணி பச்சை கலந்த மஞ்சளாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் நீலமாகும். இதற்கு நிறமூன்றி தேவையில்லை. நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடிவிட்டுத் தொட்டியில் இறக்குவார்கள்.

இன்று பலர் பழகும் துணி ஓவியமோ வேறு வகை. கடையில் வாங்கும் அக்ரிலிக் வண்ணத்தில் பசை கலந்திருக்கிறது. அது நூலின்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் நன்றாக ஒட்டுகிறது. விரைவான வேலைக்கு அது நல்லதே.

எழுதி வைத்தவர்கள்

ஐரோப்பாவில் நமது துணிகளுக்கு இருந்த மோகம் கொஞ்சமல்ல. தங்கள் நெசவுத் தொழில் நசிந்துவிடும் என்று அஞ்சி, பிரான்சு 1686 முதல் 1759 வரை இவ்வகைத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700-இலும் 1720-இலும் சட்டங்கள் இயற்றியது. ஆயினும் இரகசியத்தை அறியும் ஆவல் அடங்கவில்லை. பியூலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, 1734-ஆம் ஆண்டளவில் பாண்டிச்சேரியில் ஒரு கைவினைஞர் வேலை செய்வதைக் கவனித்து, ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அத்துண்டுகள் குறிப்போடு பாரிஸில் இன்றும் இருக்கின்றன. இயேசு சபைக் குருவான கூர்து அடிகள், தமக்குத் தெரிந்த கிறிஸ்தவச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்து 1742-இல் விரிவான கடிதம் எழுதினார். அக்கடிதம் அச்சேறி ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது.

1856-இல் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் ஆய்வுக்கூடத்தில் ஊதாச் சாயம் கண்டார். 1868-இல் வேரின் சிவப்பும் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேர் விளைந்த நிலங்கள் வேறு பயிர்களுக்குப் போயின. யோசித்துப் பாருங்கள்: அத்துணிகளைத் தீட்டியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. கையில் இருந்த அறிவு கையோடே போயிருக்கும். கேட்டு எழுதி வைத்தவர் சிலர் இருந்ததாலும், தொழிலை விடாத குடும்பங்கள் இருந்ததாலும், 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றோர் காளஹஸ்தியில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ததாலும் அது நம்மை வந்தடைந்தது. இன்று அங்கே பெண்கள் பலர் கலத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

மீதித் தண்ணீர்

துணி வெளிவந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கலாகாது. சட்டியில் நிற்கும் நீர் என்னாவது? திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, வயல்களும் கிணறுகளும் பாழாகி, 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. நாம் செய்வது சிறு சோதனைதான். என்றாலும் பழக்கம் சிறியதில்தான் தொடங்குகிறது. இயற்கைச் சாயம் என்பதால் எல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. குரோமியம், செம்பு உப்புகளைத் தொட வேண்டாம். படிகாரத்தை அளவோடு போடுங்கள். மீதி நீரிலேயே இன்னொரு துணியை நனைத்தால் மெல்லிய நிறம் கிடைக்கும். இரும்பும் அளவோடுதான், மிகுந்தால் துணியை அரித்துவிடும். பழைய துணிகள் பலவற்றில் கறுப்புக் கோடுகள் இருந்த இடத்தில் நூல் உதிர்ந்து போயிருப்பது இதனால்தான்.

தோழியரே! சாயமேற்றிப் பார்க்க விரும்பினால் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பியூலியு செய்ததைப் போல ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, தேதி, எடை, ஊறிய நேரம் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்த துணியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் பாதியை அட்டையால் மூடி, ஒரு மாதம் வெயிலில் வையுங்கள். மற்றொன்றைப் பத்து முறை துவையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேற்றுமை மிகுதியாகத் தெரிந்தால் முன்தயாரிப்பில் எங்கோ குறை இருக்கலாம். அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடியும் தொடங்குங்கள். அந்த நோட்டுப் புத்தகம் பின்னாளில் உங்கள் தங்கையருக்குப் பயன்படும். மறக்காமல் முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதி வையுங்கள்.